பதினோரு நோட்டும் ஒரு சிவப்பு ரீஃபிலும்

அவைக்குத் தலைமை ஏற்று, எங்களுக்கெல்லாம் அண்ணனாக அமர்ந்திருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அன்வர் பாட்சா அவர்களே! அதட்டலும் அரவணைப்புமாய் இப்பள்ளியை நடத்திவரும் தலைமையாசிரியர் ரகுநாத் அவர்களே! என்னோடு ஒரே சாக்பீஸ் தூசியைச் சுவாசிக்கும் ஆசிரியப் பெருமக்களே! கடலைக்காட்டு வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஆலங்குடி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த பெரியோர்களே! முந்திரி உடைத்த கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருக்கும் என் தாய்மார்களே! எப்போது பேச்சு முடியும், எப்போது டான்ஸ் தொடங்கும் என்று கடிகாரத்தைப் பார்க்கும் மாணவச் செல்வங்களே! இரண்டாம் வரிசையில், துப்பட்டாவால் வலது கையை மூடி அமர்ந்திருக்கும் கலைமதியே! மைக் செட்டுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும் ஆய்வக உதவியாளர் அருள்தாஸ் அவர்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் வேதியியல் ஆசிரியை திலகவதி கைகூப்பிச் சொல்லும் வணக்கம்.

அருள்தாஸ் என்ற பெயரைக் கேட்டதும் ஒரு சலசலப்பு எழுகிறது. எழட்டும். அந்தச் சலசலப்புக்கு விடை சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

அழைப்பிதழில் என் தலைப்பு என்ன? "ஆய்வகப் பாதுகாப்பும் நம்பத்தகுந்த தகவலும்." அதற்கு முன்னால் எனக்குப் பொன்னாடை, பதினோரு ஆண்டுகளாக வேதியியலில் ஒரு பிள்ளைகூடத் தவறவில்லையாம். அந்தப் பொன்னாடையை நான் போர்த்திக்கொள்ளவில்லை, கவனித்தீர்களா? நாற்காலியின்மேல் மடித்து வைத்திருக்கிறேன். ஏன் என்று நான் சொல்லி முடிக்கும்போது, அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று நீங்களே யோசிப்பீர்கள்.

மூன்று வாரங்களுக்கு முன், பன்னிரண்டாம் வகுப்புக்கு மாதிரிச் செய்முறைத் தேர்வு. அன்று நடந்தது ஊருக்கே தெரியும். கலைமதியின் கையிலும் கழுத்திலும் கண்ணோரத்திலும் அமிலம் தெறித்தது. அருள்தாஸ் தன் இடத்தில் இல்லாததால் நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். எப்படித் தெரியும்? அறிக்கையில் இருந்தது. அறிக்கையை எழுதியது யார்? நான். அந்த ஒற்றை அறிக்கையால்தான் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்த மனிதர் இன்று வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டு, சொந்தப் பள்ளியில் விருந்தாளிபோல ஓரமாய் நிற்கிறார். நாளைக் காலை பத்தரை மணிக்கு விசாரணைக் குழு வருகிறது. நாளை மாலைக்குள் அவர் வேலை போய்விடும்.

நான் எழுதியது பொய்யா? இல்லை. உண்மையா? அதுவும் இல்லை! அவர் தன் இடத்தில் இல்லை, அது நிஜம். எங்கே போயிருந்தார் என்று நான் எழுதவில்லை. சொல்கிறேன். நூற்றிருபது ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டுப் போட்டு என் சிவப்புப் பேனா தீர்ந்துவிட்டது. "அருள்தாஸ் அண்ணே, கடைக்குப் போய் ஒரு ரீஃபில் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பியவள் நான். அவர் நின்றார். "டீச்சர், புள்ளைங்க ஆசிட் எடுக்குற நேரம். பெறகு போறேனே" என்றார். "அஞ்சு நிமிஷந்தானே, நான் பாத்துக்கிறேன்" என்றேன். பார்த்துக்கொண்டேனா? மூன்று மேசை தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு, நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்!

"டீச்சர், இதெல்லாம் எதுக்கு இப்ப?" என்று அங்கிருந்து ஒருவர் கேட்கிறார். ஐயா, இப்போது இல்லையென்றால் நாளை மாலை கேட்பீர்கள். அப்போது பதில் இருக்கும், பயன் இருக்காது. உட்காருங்கள்.

எப்போதும் அருள்தாஸ் கலந்து வைக்கும் நீர்த்த கந்தக அமிலம், கலைமதியின் மேசையில் தீர்ந்துபோயிற்று. அவள் என்ன செய்தாள்? விளையாடினாளா? இல்லை. ரெக்கார்டு நோட்டைத் திறந்தாள். "நீர்த்த அமிலம் தயாரித்தல்" என்ற பக்கத்தைப் பார்த்தாள். அதில் எழுதியிருந்தபடி, எழுத்துப் பிசகாமல், பீக்கரில் அடர் அமிலத்தை எடுத்து, அதன்மேல் தண்ணீரை ஊற்றினாள். காய்ந்த எண்ணெயில் ஈரக் கரண்டியை வைத்த தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள். என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். விழுந்த இடத்திலேயே தண்ணீர் கொதித்தது. கொதித்த தண்ணீர் அமிலத்தோடு தெறித்தது. தண்ணீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், துளித்துளியாக, கலக்கிக்கொண்டே! அமிலத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது! வேதியியலின் அரிச்சுவடி அது. அந்த அரிச்சுவடி அவள் நோட்டில் தலைகீழாக இருந்தது. அதன் அடியில் என் கையெழுத்து இருந்தது.

கண்ணாடி போட்டிருந்தாளா என்று கேட்பீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி நம் ஆய்வகத்தில் ஆறு இருக்கிறது. எங்கே இருக்கிறது? பீரோவில் இருக்கிறது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருக்கிறது. இன்ஸ்பெக்ஷன் வரும் நாளில் எடுத்து வரிசையாக வைப்போம். அதிகாரி போனதும் துடைத்துப் பூட்டிவிடுவோம். சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவள்தான்! அதிகாரியின் கண்ணுக்காகக் கண்ணாடி வாங்கினோம்; நம் பிள்ளையின் கண்ணுக்காக வாங்கவில்லை. சாவி என்னிடம்தான் இருந்தது.

ரீஃபிலோடு வராந்தாவில் வந்துகொண்டிருந்த அருள்தாஸ், அலறல் கேட்டு ஓடிவந்தார். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். எழுந்து நின்றேன், அவ்வளவுதான். அவர் கலைமதியைத் தூக்கிக் குழாயடிக்குக் கொண்டுபோனார். அமிலம் பட்ட துப்பட்டாவைக் கிழித்து எறிந்தார். குழாயை முழுக்கத் திறந்துவிட்டார். "ஏ பாப்பா, கண்ணை மூடாத. தண்ணியில தொற. நான் புடிச்சிருக்கேன்ல, தொற!" என்று அதட்டினார். அதற்குள் யாரோ போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, சோடா உப்பை அள்ளித் தடவச் சொல்லி வீடியோ வந்திருக்கு" என்று கத்தினார்கள். இன்னொருவர் பற்பசையோடு வந்தார். அருள்தாஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போன்ல ஆயிரம் போட்டிருக்கட்டும். செவத்துல தண்ணின்னு போட்டிருக்கு. அங்கிட்டுப் போங்க எல்லாரும்!" என்றார். இருபது நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருபது நிமிடம் அந்தப் பிள்ளையைத் தண்ணீரில் பிடித்திருந்தார். இரண்டு கண்ணும் பிழைத்தது அதனால்தான் என்று டாக்டர் சொன்னார்.

அந்தச் சுவரில் இருந்தது என்ன? முதலுதவி அட்டை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதி ஒட்டச் சொன்னது. அன்று அருள்தாஸ் அதை ஒட்டாமல் கையில் வைத்துக்கொண்டு, "டீச்சர், இது எந்தப் பொத்தகத்துல இருக்கு? ஒருக்கா காட்டுங்களேன்" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பத்தாம் வகுப்பு படித்தவர், எம்.எஸ்.சி. படித்தவளைப் பார்த்து ஆதாரம் கேட்பதா? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆய்வகக் கையேட்டை எடுத்துப் போட்டேன். அவர் வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்தார். ஒரு வரியை நான் விட்டிருந்தேன். எழுதவைத்து, பிறகு ஒட்டினார். படித்த நான் கையெழுத்துப் போட்டேன். படிக்காதவர் என்று நான் நினைத்தவர் படித்தார்!

ஒரு நிமிடம். தலைவர் துண்டுச் சீட்டு கொடுத்திருக்கிறார். "நேரம் முடிந்தது" என்று எழுதியிருக்கும் என்று நினைத்தேன். "விசாரணை நடக்கும்போது இந்தப் பேச்சு வேண்டாம்மா, உங்களுக்குத்தான் கஷ்டம்" என்று எழுதியிருக்கிறார். அண்ணன் அன்வர் பாட்சா அவர்களே, உங்கள் அக்கறைக்கு நன்றி. கஷ்டம் எனக்கு வரட்டும். தப்பு என்னுடையது என்றால், கஷ்டம் மட்டும் ஏன் அருள்தாஸுடையதாக இருக்க வேண்டும்? இந்தச் சீட்டை மடித்து வைத்துக்கொள்கிறேன். பேச்சை நிறுத்தப் போவதில்லை.

அறிக்கை எழுதிய அன்று மாலை மருத்துவமனைக்குப் போனேன். கலைமதியின் தாய் செவந்தி கட்டிலோரம் நின்றிருந்தார். என்மேல் பாய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகக் கேட்டார். "டீச்சர், முந்திரி எண்ணெ பட்டுப் பட்டு என் கைதான் வெந்து கெடக்கு. எம்புள்ள கையாச்சும் நல்லாருக்கட்டும்னுதானே ஒங்ககிட்ட அனுப்புனேன். அவ நோட்டைப் பாத்துத்தானே செஞ்சாளாம்? நீங்க கையெழுத்துப் போட்ட நோட்டுதானே அது?" பழம் வாங்கிப் போயிருந்தேன். அதைக் கீழே வைக்கவும் தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

அதன்பிறகு தேடத் தொடங்கினேன். இந்தப் பிழை எங்கே பிறந்தது? கலைமதி போன வருடம் படித்த சந்தோஷின் நோட்டைப் பார்த்து எழுதினாள். சந்தோஷ் தன் சீனியரைப் பார்த்து எழுதினான். அந்தச் சீனியர் அவனுடைய சீனியரை! இதுதானே நம் வழக்கம்? ஆய்வகத்தில் செய்து பார்த்து எழுத வேண்டிய நோட்டை, செய்யாமலே பார்த்து எழுதுகிறோம். முழு மதிப்பெண் வாங்கிய நோட்டுக்கு மாணவர்களிடையே அப்படி ஒரு மரியாதை. அதற்கு முன்பதிவே உண்டு. வீடு வீடாகப் போய்ப் பரண்மேலிருந்து பத்து நோட்டுகளை இறக்கினேன். கடைசியில் அறந்தாங்கிக்குப் பஸ் ஏறினேன். அங்கே என் பழைய மாணவி பவுசியா. பதினோரு ஆண்டுகளுக்கு முந்தைய நோட்டு, அட்டை கிழியாமல் வைத்திருந்தாள். திறந்தேன்.

அமிலம் இவ்வளவு, தண்ணீர் இவ்வளவு என்று அளவு மட்டும் எழுதியிருந்தது. எதில் எதைச் சேர்ப்பது என்ற வரியை விட்டுவிட்டு, பக்கத்தின் அடியில், ஒரு நட்சத்திரக் குறி போட்டுச் சரியாக எழுதியிருந்தாள். மறு ஆண்டு அதைப் பார்த்து எழுதியவர் அடிக்குறிப்பை விட்டுவிட்டார். அதற்கும் மறு ஆண்டு எழுதியவர், முறை இல்லையே என்று தாமாக ஒன்றை எழுதிச் சேர்த்துவிட்டார். அமிலம் முதலில் இருக்கிறதே, அதனால் அமிலத்தை முதலில் எடு! அவ்வளவுதான். பவுசியா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நான் அன்னிக்கே ஒங்ககிட்டக் காட்டுனேன் டீச்சர். வேற தாள்ல ஒழுங்கா எழுதித் தரவான்னு கேட்டேன். நீங்க, 'இருக்கட்டும்மா, யாரு பாக்கப் போறா'ன்னீங்க."

யார் பார்க்கப் போகிறார்கள்! பதினோரு ஆண்டுகள் கழித்துக் கலைமதி பார்த்தாள் ஐயா! பதினோரு நோட்டு. பதினோரு சிவப்புக் கையெழுத்து. ஒன்றைக்கூட நான் படிக்கவில்லை. அதற்குத்தான் இந்தப் பொன்னாடையா?

தாய்மார்களே, கையில் சாம்பலைப் பூசாமல் சுட்ட முந்திரியை உடைப்பீர்களா? "அவசரம், நாலு கொட்டைதானே" என்று உடைப்பீர்களா? மாட்டீர்கள். ஏனென்றால் அந்த எண்ணெய் உங்கள் தோலைச் சுட்டிருக்கிறது. எங்கள் தோலை எதுவும் சுடவில்லை. அதனால்தான் நாங்கள் கையெழுத்தை மலிவாக்கினோம். பிள்ளைகளே, சீனியர் நோட்டில் இருக்கிறது என்பது ஆதாரமாகுமா? போனில் பத்தாயிரம் பேர் பார்த்தது ஆதாரமாகுமா? டீச்சர் கையெழுத்துப் போட்டதுகூட ஆதாரமில்லை! இதை உங்கள் டீச்சரே சொல்கிறேன். எந்தப் புத்தகம், எந்தப் பக்கம், யார் செய்து பார்த்தது என்று கேளுங்கள். கேட்டால் ஆசிரியருக்குக் கோபம் வரும். வரட்டும். கோபம் அரை மணியில் ஆறிவிடும். அமிலத் தழும்பு ஆறாது.

"டான்ஸ் இருக்கு டீச்சர்" என்று ஒரு குரல். தெரியும் கண்ணா, இதோ முடித்துவிட்டேன்.

நாளை விசாரணைக் குழுவிடம் இந்தப் பதினோரு நோட்டுகளையும் கொடுக்கிறேன். ரீஃபில் வாங்க அனுப்பியது நான், கண்ணாடியைப் பூட்டியது நான், படிக்காமல் கையெழுத்திட்டது நான், பாதி உண்மையை அறிக்கையாக்கியதும் நான் என்று எழுதி வைத்திருக்கிறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது; மறைக்கவில்லை. பீரோச் சாவி இதோ, தலைமையாசிரியர் கையில் கொடுத்துவிட்டேன்.

கலைமதி, உன் நோட்டு என் கையில் இருக்கிறது; விசாரணைக்கு அதன் நகலை எடுத்து வைத்துவிட்டேன். அன்று குழாயடியில் ஒன்று கீழே விழுந்து கிடந்தது. பெருக்க வந்தவர் எடுத்துக் கொடுத்தார். அருள்தாஸ் வாங்கி வந்த ரீஃபில். மூன்று வாரமாக இதைக் கொண்டு ஓர் எழுத்துக்கூட நான் எழுதவில்லை. இதோ, இப்போதுதான் பேனாவில் போடுகிறேன். முதல் வேலையாக, உன் நோட்டின் அந்தப் பக்கத்தில் இருக்கும் என் கையெழுத்தை அடிக்கிறேன்.

அடித்துவிட்டேன். வா அம்மா, வந்து வாங்கிக்கொள். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை நீயே திருத்து. திருத்தியதை என்னிடம் கொண்டுவராதே. அருள்தாஸ் அண்ணனிடம் காட்டு. அவர் விரல் வைத்துப் படித்துப் பார்க்கட்டும். அவர் சரி என்று சொன்ன பிறகு, நான் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று நீ சொல்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், சீட்டு அனுப்பியும் மைக்கை அணைக்காத தலைவருக்கும் என் நன்றி. அருள்தாஸ் அண்ணே, இத்தனை பேர் முன்னால் என்னை மன்னிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.