கார்ன்பிளவர் அரை கிலோ

...வாழ்த்துரைன்னா பதினாறும் பெறுகன்னு சொல்லிட்டு இறங்கிடணும்னு நினைக்கிறீங்க. தெரியுது. பின்வரிசைல ரெண்டு பேர் இப்பவே பந்திக்கு எழுந்துட்டாங்க. உக்காருங்க ஐயா, பிரியாணி எங்கயும் ஓடிப்போகாது! எங்க தெருவுல நடந்த ஒரு சங்கதி இருக்கு. அதைச் சொல்லிட்டு நானும் உங்களோடயே சாப்பிட வந்துடறேன்.

கோத்தகிரில எனக்குப் பக்கத்து வீடு தைரியநாதன். அரசு பஸ் டிரைவர், ரிட்டயர் ஆயிட்டார். கண்டக்டர் விசிலடிச்சா வண்டியை எடுப்பார். எதுக்கு அடிச்சேன்னு கேக்க மாட்டார். வீட்லயும் அப்படித்தான். சம்சாரம் சலேத்மேரி எது சொன்னாலும் ஒரே பதில்... "சரி." முப்பது வருஷமா "சரி." எங்க வீட்ல அவரைக் காட்டித்தான் என்னைத் திட்டுவாங்க.

மகள் ஜெனோவாவுக்கு மே மாசம் கல்யாணம். அந்தப் பொண்ணு கேட்டது ஒண்ணே ஒண்ணு. "அம்மா, கோயிலுக்குப் போறப்ப என் கைல நம்ம தோட்டத்துப் பூதான் இருக்கணும். அந்த நீலப் பூ." அந்தப் பூவுக்குப் பேரு கார்ன்பிளவர். விதை போட்டா பூக்க எண்பது நாள் ஆகும். பிப்ரவரில போட்டாத்தான் மே மாசத்துக்குக் கிடைக்கும். ஆனா பிப்ரவரில சலேத்மேரிக்குக் கோயம்புத்தூர்ல கண் ஆப்பரேஷன். மூணு வாரம் தங்கச்சி வீட்ல இருக்கணும், மலையேறக் கூடாது. என்ன பண்ணுவாங்க? போன் போட்டாங்க.

"ஏங்க, கார்ன்பிளவர் வாங்கி வாசல் பாத்தில தூவிடுங்க. மேல அரை இஞ்சு மண்ணு போட்டு மூடிடணும். வெளிச்சம் படக் கூடாது."

"சரி."

போனார்... எங்க போனார்? மளிகைக் கடைக்கு! சூப்புல கரைச்சு ஊத்துறமே சோள மாவு, அதுக்கும் நம்ம ஊர்க் கடைல கார்ன்பிளவர்னுதானே பேரு? அந்தம்மாவும் 'விதை'ன்னு ஒரு வார்த்தை சேர்க்கல.

கடைக்காரர் கேட்டார்: "காலா, அரையா?"

"அரையே குடுப்பா."

அரை கிலோ மாவையும் பாத்தில தூவி, மண்ணைப் போட்டு மூடி, தினம் தண்ணி ஊத்தினார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கிறேன். "என்ன அண்ணே, உரமா?" "மேரி சொல்லிச்சு." அவ்வளவுதான் பதில்.

மாசக் கடைசில அந்தம்மா வந்தாங்க. கருப்புக் கண்ணாடியோட நேரா பாத்திக்குப் போனாங்க. அங்க ஒரு தளிர் இல்ல. மண்ணு களி மாதிரி கெட்டிச்சுக் கெடக்கு, எறும்பு ஊர் கூட்டி வெச்சிருக்கு. பக்கத்துலயே அந்தக் காலி பாக்கெட்.

"பாக்கெட்ல சூப்பு படம் போட்டிருக்கே... உங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வரலையா?"

"வந்துச்சு."

"வந்துச்சா! அப்புறம் ஏங்க கேக்கல?"

"நீ சொன்னா நான் எதிர்க்கேள்வி கேக்கறதில்லையே, மேரி..."

அந்தம்மா கத்தல. அப்படியே படில உக்காந்துட்டாங்க. "முப்பது வருஷமா சரி சரின்னீங்களே... அதுல எத்தனை சரி உங்களுக்குப் புரிஞ்ச சரி?"

மனுஷன் ஆடிப்போயிட்டார். பின்ன? அவர் அதைப் பெருமைன்னுல்ல நினைச்சிட்டிருந்தார்!

அன்னைக்கே விதைக் கடைக்குப் போனார். எண்பது நாள் கணக்குக்கு அது கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரிதான், விட்டா போச்சு. ஆனா இந்தத் தடவை மனுஷன் வாயைத் திறந்தார். திறந்தா மூடவே இல்ல! "ஏன் மூடணும்?" "இருட்டுலதாங்க முளைக்கும்." "தொட்டில போட்டுட்டு அப்புறம் எடுத்து நடட்டுமா?" "வேண்டாம், வேரை அசைச்சா பட்டுப்போகும். பாத்திலயே போடுங்க." "சாணி?" "ரொம்பக் கொழுத்தா செடிதான் சாயும், பூ வராது." "தண்ணி?" "ஐயோ, போதும்ங்க, எனக்குக் காபி வேணும்!"

பத்து நாள்ல முளைச்சுது. கல்யாணத்தன்னைக்குக் காலைல ஏழு பூ விரிஞ்சிருந்துது, மத்ததெல்லாம் மொட்டு. அந்த ஏழையும் ரெண்டு இலையோட கட்டி, ஜெனோவா கைல பிடிச்சிட்டுப் போனா. ஏழு போதுமா? போதும்னு அவ முகமே சொல்லுச்சு.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல.

கல்யாணம் முடிஞ்ச வாரம். சனிக்கிழமை வழக்கம்போல தைரியநாதன் ரெண்டு முழம் மல்லி வாங்கிட்டு வந்தார். கேக்கிற பழக்கம்தான் வந்துடுச்சே... கேட்டார். "மேரி, உனக்கு மல்லி பிடிக்கும்ல?"

அந்தம்மா பூவைக் கைல வாங்கிட்டுச் சொன்னாங்க... "இல்லீங்க. அந்த வாசம் எனக்குத் தலைவலி."

"முப்பது வருஷமா வெச்சியேம்மா!"

"நீங்க ஆசையா வாங்கிட்டு வந்தீங்க. நானும் சரின்னு வெச்சுக்கிட்டேன்."

சிரிக்கிறீங்க. எனக்கு அதை அவர் சொன்னப்ப சிரிப்பு வரல. நேரா வீட்டுக்குள்ள போயிட்டேன். என் சம்சாரத்துக்கு என்ன பூ பிடிக்கும்னு எனக்குத் தெரியுமான்னு யோசிச்சேன். தெரியல.

மாப்பிள்ளை, காலைல பீடத்து முன்னாடி பாதர் கேட்டார், "சம்மதம்"னீங்க. கோயில்ல அந்த ஒரு வார்த்தை போதும். வீட்ல போதாது. புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க. சண்டை வருமா? வரும், வரட்டும். கேட்டு வர்ற சண்டை ஒரு நாள்ல தீரும். கேக்காம போட்ட சரி இருக்கே, அது முப்பது வருஷம் ஆனாலும் உள்ளயே கெடக்கும்.

மகளே, தலை நிறைய மல்லி வெச்சிருக்கே... உனக்குப் பிடிக்குமான்னு காலைலருந்து ஒருத்தராவது கேட்டாங்களா?

மாப்பிள்ளை, என்னை ஏன் பார்க்கிறீங்க? அந்தப் பக்கம் திரும்பிக் கேளுங்க.