நாற்பதில் கரைந்த புள்ளி

கொம்பியூட்டரின் சீடித் தட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடித்தது. வாசலில் பத்மாதேவி டீச்சர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் ஊக்கு ஒன்றைத் தட்டின் சின்னத் துளையில் குத்தி, சூடாக இருந்த புதுச் சீடியை இழுத்தெடுத்து ஸ்கேன் உறைக்குள் போட்டேன். பழைய சீடி என் கணக்குக் கொப்பிக்குள் போனது.

"ஏன் பிள்ளை வேர்த்துக் கிடக்கு? நான் இன்னும் கணக்கே தரேல்லையே," என்றார்.

டீச்சருக்கு ஊர் யாழ்ப்பாணம். கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வீட்டு மேலறையில் குடியிருக்கிறார். தினமும் பின்னேரம் எனக்கு இணைந்த கணிதம் சொல்லித் தருவார். இருமல் விடாததால் நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். அறிக்கை எழுதும் டாக்டர் லீவு. சீடியை மட்டும் கையில் கொடுத்து, சனிக்கிழமை வரும் பெரிய டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டார்கள்.

அதை இரண்டு நாள் இரவல் வாங்கியது என் அண்ணன் சண்முகநாதன். பேராதனைக் கெம்பஸில் எஞ்சினியரிங் கடைசி வருஷம். வேவ்லெட் கணக்கால் ஸ்கேன் படத்தைத் துப்புரவாக்குவது அவனுடைய புரொஜெக்ட். முப்பரிமாணப் படத்தைப் பெரிய உருவம், சின்ன விவரம் என்று பிரிப்பான். ஒரு வரம்புக்குக் கீழுள்ள எண்களைப் பூச்சியமாக்கித் திரும்ப ஒட்டுவான்.

"டீச்சரோட நெஞ்சுக்குள்ள எல்லாம் இருக்கு. இரக்கத்த மட்டும் காணோம் பாரு," என்று சிரித்தான். பிறகு வலது நுரையீரலில் மங்கலான ஒரு புள்ளியைக் காட்டினான். கடலைப் பருப்பு அளவு. "மத்ததெல்லாம் தூசி, வரம்பு பத்துல போயிடும். இது தூசியில்ல. நாப்பது வச்சா இதுவும் கரைஞ்சிடும், கவனமா இருக்கணும். டாக்டர் இதப் பாத்தா கொழும்புக்குத்தான் அனுப்புவாரு."

அவன் கெம்பஸுக்குப் போனதும் நான் வரம்பை நாற்பதில் வைத்து, வந்த படத்தைப் புதுச் சீடியில் எழுதினேன்.

நியாயமாக யோசித்துப் பாருங்கள். இது இரண்டாயிரத்து எட்டு, சண்டை நடக்கிற காலம். டீச்சரின் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். அப்படிப்பட்டவர்கள் கொழும்பு லாட்ஜில் தங்கினால் பொலிஸ் நடுச்சாமத்தில் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அவருடைய பாதுகாப்பைப் பற்றி வீட்டில் வேறு யார் யோசித்தார்கள்? ஆகஸ்டில் எனக்கு, கெம்பஸ் போக எழுதுகிற ஏ.எல். பரீட்சை என்பது தற்செயல்.

பெரிய டாக்டர் படத்தைப் பார்த்து, இவ்வளவு தெளிவான படத்தைத் தான் கண்டதேயில்லை என்றாராம். இருமலுக்குப் பாணி மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அண்ணன், "அப்ப நான்தான் பிழையா பாத்துட்டேன்," என்று பெருமூச்சு விட்டான். டீச்சர் கேசரி கிண்டினார். சந்தோஷத்தில் என்னைக்கூடப் பாராட்டினார்: "உன்ர மூளையிலயும் ஏதோ கிடக்குத்தான் பிள்ளை. ஸ்கான் தேவையில்லை."

பழைய சீடியில் ஒரு கீறல்கூட விழவிடவில்லை. பரீட்சை முடிந்த மறுநாளே கொடுத்துவிடுவேன். இன்னும் ஐந்து மாதந்தான். பிறருடைய பொருளை யார் இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பார்கள்?

இன்று தொகையீட்டுக் கணக்குச் செய்துகொண்டிருந்தபோது டீச்சர் வெகுநேரம் இருமினார். வாயைத் துடைத்த லேஞ்சியை மடித்து மறைக்கப் பார்த்தார். சிவப்பு எனக்குத் தெரிந்துவிட்டது. கதிரையைப் பிடித்துக்கொண்டு, கணக்குக் கேட்கிற அதே குரலில் கேட்டார்:

"படத்தில ஒண்டுமில்லை எண்டால், இது எங்கயிருந்து பிள்ளை வருது?"