பன்னிரண்டு வெள்ளைத் தொப்பிகள்

மார்ச் பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு, எங்கள் வீட்டுப் பின்னறை மேசையில் இரண்டு பீரங்கிகளும் பன்னிரண்டு சிப்பாய்களும் வண்ணம் பூசத் தயாராக நின்றார்கள். கட்டைவிரல் உயரம்தான். வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்துப் பீரங்கிப் படை. மேசைமேல் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள் வாங்குவார்கள். ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவது நான்; வண்ணம் பூசுவது என் தம்பி. பதினாறு வருஷமாக அப்படித்தான்.

நீல அங்கி, மார்பின் குறுக்கே வெள்ளை வார், தலையில் வெள்ளைத் தொப்பி. வெள்ளை வேலைதான் அதிகம். மயிரிழைக் கோடு விழ வேண்டுமென்றால் தூரிகை முனை கூராக இருக்க வேண்டும். தம்பி ஒவ்வொரு கோட்டுக்கும் முன் அதை உதட்டில் வைத்து ஈரப்படுத்திக் கூராக்குவான்.

"கொழுந்தனாரே, பசிச்சா சொல்லுங்க, சாப்பாடு போடறேன். அதைப் போய் நக்கிக்கிட்டு" என்பாள் என் மனைவி.

"உங்க சமையலுக்கு இதுவே தேவலை அண்ணி."

நானும் கண்டித்திருக்கிறேன். ஈயத்தோடு புழங்குகிறவன் கையை இரண்டு தரம் கழுவ வேண்டும். நான் கழுவுவேன்.

அன்றுதான் சொன்னான், வேறு ஊர் அருங்காட்சியகத்தில் உருவம் செய்யும் வேலை கிடைத்திருக்கிறது என்று. "அடுத்த மாசம் கிளம்பறேண்ணே. வேற ஆளைப் பாத்துக்க. ரெண்டு மாசத்துல பழகிடுவான்."

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. யாரையும் புதிதாகப் பழக்கத் தெம்பில்லை. இதை நீங்கள் முக்கியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடையில் விற்கும் வெள்ளையில் இப்போது ஈயம் கிடையாது. பழைய பட்டறை ஒன்றைக் காலி செய்தபோது எடுத்து வந்த ஈய வெள்ளைத் தூள் ஒரு டப்பா என்னிடம் இருந்தது. அவன் குளிக்கப் போன நேரத்தில் அவனுடைய வெள்ளை வண்ணக் குப்பியில் கலந்தேன். வயிற்றுவலி வரும், பயணம் தள்ளிப்போகும், அதற்குள் மனசு மாறுவான் என்று நினைத்தேன். வயிற்றுவலி வந்தது. டாக்டர் குடல்புண் என்றார். பயணம் தள்ளிப்போனது. மனசு மாறவில்லை. கொஞ்சம் தேறியதும் மறுபடி டிக்கெட் எடுத்தான். நானும் மறுபடி கலந்தேன்.

ஜூலையில் அவனுடைய வலது மணிக்கட்டு தொங்கிப்போயிற்று. "கை செத்துப்போச்சுண்ணே" என்று அழுதான். நான்தான் ஊட்டிவிட்டேன்.

நியாயமாகப் பார்த்தால் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இனி அவனால் தூரிகை பிடிக்க முடியாது. ஆனால் அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது. இங்கே நல்ல மருத்துவமனை இருக்கிறது, புறப்பட்டு வாருங்கள், கை சரியான பிறகு வேலையில் சேரலாம் என்று எழுதியிருந்தார்கள். படித்துவிட்டுச் சிரித்தான். பல மாதம் கழித்து அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து பாலில் கலந்தேன்.

"என்னண்ணே, இனிக்குது? சர்க்கரை கூடப் போட்டியா?"

ஈயம் இனிக்கும். "ஆமாம்" என்றேன். "உடம்பு தேறணும்ல."

தொழிலுக்காகத்தான் செய்தேன் என்றே வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி மாலை நான்கு மணிக்கு, பின்னறையில், வலிப்பு கண்டு என் மடியில் இறந்தான். மறுநாள் காலை ரயிலுக்கு டிக்கெட் இருந்தது. அதை நான்தான் போய் ரத்து செய்தேன்.