வாசலில் ஒரு புதுப் பதவி

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை போகும் மாலைப் பேருந்து. முன்னிருக்கையில் ஒரே ஜவுளிக்கடையின் பாலியஸ்டர் சீருடைச் சேலையில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னதைக் கேட்டுத்தான் நிமிர்ந்தேன்.

"எக்கா, காலையில இருந்து நான் ஒரு சொட்டு வெள்ளம் குடிக்கல்ல. குடிச்சாத்தானே வேர்க்கும்?"

"மண்டத்தனம் காட்டாத மக்கா. குடிக்காம இருந்தா மயங்கித்தான் விழுவ. வேர்வை நிக்காது. இந்தச் சேல காத்தே விடாதுல்லா. ராத்திரியே அலசிப் போடு."

"மழையில எப்படிக் காயும்? ஒண்ணுதானே தந்தாங்க. நாளையில இருந்து வாசல்ல மோந்து பாத்துதான் உள்ள விடுவாங்களாம். நாறினா வேலை போச்சு. வீட்டுல அவரு வேற படுத்த படுக்கை. மோந்து பாக்கது யாராக்கும், மேனேஜரா?"

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொம்பளைய பொம்பளதான் பாக்கணுமாம். என்னைய நிக்கச் சொல்லியிருக்கு."

தொழிலாளர் துறையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த விதியிலும் இப்படியொரு பதவி கிடையாது.

இளையவள் கம்பியைப் பிடிப்பதுபோல் கையைத் தூக்கி மூத்தவள் பக்கம் சாய்ந்தாள்.

"இப்பமே பாத்துச் சொல்லுங்கக்கா. நாளைக்கு நான் வரட்டா, வேண்டாமா?"