அந்தச் சாக்கெட் ஏன் புதிதாக இருந்தது

வீடியோ கேம் பெட்டி ஓடவில்லை என்று யார் கொண்டுவந்தாலும் நான் உடனே பெட்டியைத் திறப்பதில்லை. முதலில் வயரை வளைத்துப் பார்ப்பேன். பத்தில் எட்டுக் கோளாறு அடாப்டரின் கழுத்தில்தான் இருக்கும். அப்புறம் சுவர் சுவிட்ச், அப்புறம் பெட்டியின் சுவிட்ச். அதற்கும் சரிவரவில்லை என்றால்தான் திருப்புளியை எடுப்பது. கரண்டு வரவில்லை என்றதும் பெட்டியைத் தட்டிப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

ஐயா, மின்சார ஆய்வாளராகிய தாங்கள் என்னை விழுப்புரத்துக்கு வரவழைத்து, வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்துக் கேட்டது ஒரே கேள்வி. திண்டிவனத்தில் ரிஷபநாத நயினார் வீட்டுச் சுவரில் எல்லாம் பழைய சாமானாக இருக்க, டிவிக்குப் பக்கத்துச் சாக்கெட் மட்டும் ஏன் புதிதாக இருந்தது என்றீர்கள். போலீஸ்காரர்கள் மூன்று பேர் அதே சுவரைப் பார்த்தார்கள். அவர்களுக்கு இது தோன்றவில்லை. தொழில் தெரிந்தவர் கேட்கிறீர்கள், தொழில் தெரிந்தவனாகவே பதில் எழுதுகிறேன். பெயர் அரங்கநாதன். திண்டிவனத்தில் பதினொரு வருஷமாக ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன்.

நயினார் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி. சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். அதற்கப்புறம் தூங்கும்வரை அவருக்கு வேறு வேலை கிடையாது. போன வருஷம் அவர் மச்சான் அஜிதநாதன் அமெரிக்காவிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்தார். மகள் குசுமாவுக்கென்று வந்த பெட்டி அது. அந்தப் பெண்ணுக்கு ஒரே வாரத்தில் சலித்துவிட்டது. அப்பாவுக்குப் பிடித்துக்கொண்டது. ஐம்பத்திரண்டு வயது மனிதர், டிவி திரையில் ஒரு மட்டையை மேலும் கீழும் ஆட்டிப் பந்தைத் தடுப்பதில் அப்படிச் சந்தோஷப்படுவார். அவரைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும்.

அமெரிக்கப் பெட்டிக்கு நூற்றுப்பத்து வோல்ட். நம் லைனில் இருநூற்று முப்பது. அதனால் நடுவில் வோல்டைக் குறைக்கிற பெட்டி ஒன்றை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அதன் வால் நம் ஊர்ச் சுவரில் போகிற குண்டு முள். அதன் முகத்தில் அமெரிக்க அடாப்டரின் தட்டை முள் போகும். இது தங்களுக்குத் தெரியும். பின்னால் படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஆடி மாதம் ஆளனுப்பிக் கூப்பிட்டார். "நல்லா ஆடிக்கினு இருக்கறப்ப பொசுக்குனு நின்னு பூடுது அரங்கநாதா. ஒரே பேஜாரு" என்றார். கேம் பெட்டியையும் அடாப்டரையும் கடைக்கு எடுத்துவந்தேன். நினைத்தபடியே அடாப்டரின் கழுத்தில் வயர் ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷ வேலை. பற்றவைத்தேன்.

ரிப்பேர் ஆன எதையும் முதலில் சீரிஸ் பல்பு வழியாகத்தான் கரண்டு கொடுத்துப் பார்க்க வேண்டும். தப்பு இருந்தால் பல்பு எரிந்து சாமானைக் காப்பாற்றும். அன்றைக்கு வானூரிலிருந்து வந்த ஒருவர் என் எதிரே உட்கார்ந்து, என்னைப்போல் கைராசி யாருக்கும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பல்பெல்லாம் எனக்கு எதற்கு என்று காட்டத் தோன்றியது. என் மேசையில் இரண்டு சாக்கெட் பக்கம்பக்கமாக இருக்கும், ஒன்று நூற்றுப்பத்து, ஒன்று இருநூற்று முப்பது. இரண்டிலும் தட்டை முள் போகும்படி நானே பொருத்தியது. கை தப்பான சாக்கெட்டுக்குப் போய்விட்டது. டப்பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை. அடாப்டரும் போயிற்று, பெட்டியும் போயிற்று.

உண்மையைச் சொல்லியிருந்தால் நயினார் என்னைத் திட்டியிருக்க மாட்டார். எறும்பு போகிற வழியில் கால் வைக்காமல் சுற்றிப் போகிறவர் அவர். மன்னித்திருப்பார். அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டு அதே தெருவில் கடை நடத்த எனக்கு மனசு வரவில்லை. அதனால், "நடுவுல இருக்கற பெட்டிய வுட்டுட்டு யாரோ நேரா செவுத்துல சொருவியிருக்காங்க நயினார். அதான் நின்னு நின்னு ஓடி, கடைசியில எரிஞ்சி பூட்டுது" என்றேன்.

அவர் யோசித்தார். "தொடைக்கிறப்ப கழட்டி மாட்டியிருப்பாங்களோ?"

"இருக்கலாங்க" என்றேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். அம்சா என்ற பெயர் என் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் துடைப்பது, பெருக்குவது எல்லாம் ஏழு வருஷமாக அம்சா ஒருத்திதான்.

அவர்கள் அவளை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. நயினாரின் மனைவி ராஜமதியம்மா ஒரு சேலை கொடுத்து, இனிமேல் வரவேண்டாம் என்று அழுதுகொண்டே அனுப்பினார்கள். நான் தொடவே இல்லை என்று அம்சா சொன்னாளாம். தெருவில் சேதி பரவிவிட்டது. அமெரிக்கா மெஷினைக் கொளுத்தியவளை எந்த வீட்டிலும் சேர்க்கவில்லை. அவள் புருஷன் நடராசன் பனைமரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்திருப்பவன். அவள் தினம் பஸ் ஏறிக் கூட்டேரிப்பட்டுக்குப் போய் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவினாள். கேள்விப்பட்டபோது நெஞ்சு உறுத்தியது. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாடுகூட இறங்கவில்லை. மறுநாள் இறங்கிற்று.

ஐப்பசியில் ஒரு நாள் என் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். எங்க டீக்கடையில ரேடியோ சொருவறாங்க. முள்ளு குண்டா இருக்குது, செவுத்து ஓட்டையும் குண்டா இருக்குது. அந்த வெளையாட்டுப் பொட்டிக்கு முள்ளு தட்டையாத்தான இருந்திச்சி? அத நயினார் வூட்டுச் செவுத்துல எப்பிடிண்ணா சொருவ முடியும்?"

ஐயா, அதுவரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. கிளாஸ் கழுவுகிற பெண் பிடித்துவிட்டாள்.

அவள் என்னைச் சந்தேகப்பட்டு வரவில்லை. "நீங்க எங்கியோ தப்பா நெனச்சிக்கினீங்க. நான் சொன்னா யாரு கேப்பாங்க. நீங்க வந்து சொன்னா நயினார் கேப்பாருங்க. வேல கூட வேணாண்ணா, பேரு போனா போதும்" என்றாள். சொல்லும்போது அவள் கண் என் மேசைச் சாக்கெட்டின் மேல் ஒரு கணம் நின்றது. நின்றதா, நானாக அப்படி நினைத்துக்கொண்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

"ஞாயித்துக்கெழம காலையில அங்க வாம்மா. நானும் வர்றேன்" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை நயினார் வீட்டுக்குப் போனேன். டிவி சாக்கெட் லூசாக இருக்கிறது, இப்படியே விட்டால் டிவியும் போய்விடும் என்றேன். பழையதைக் கழற்றிவிட்டு, குண்டு முள்ளும் தட்டை முள்ளும் இரண்டும் போகிற சாக்கெட்டைப் பொருத்தினேன். கால் மணி நேரம் ஆயிற்று. ராஜமதியம்மா மோர் கொடுத்தார்கள். தங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். இங்கேயே நிறுத்திவிடலாம் என்று பேனாவை மூடினேன், பிறகு திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. குடையில்லாமல் தொப்பலாக நனைந்து வந்தாள். ராஜமதியம்மா கொடுத்த துண்டால் தலையை மட்டும் துவட்டிக்கொண்டாள். சிமென்ட் தரையில் அவள் காலைச் சுற்றித் தண்ணீர் தேங்கியது. என் கடையில் ஈரக்கையோடு யாரையும் மேசைப் பக்கம் விடமாட்டேன், காலடியில் ரப்பர் பாய் போட்டிருக்கிறேன். அன்றைக்கு அவளிடம் கையைத் துடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தட்டை முள் இந்தச் சுவரில் போகாது என்று அவள் சொன்னதைக் கேட்டு, நயினார் அலமாரியிலிருந்து எரிந்துபோன அடாப்டரை எடுத்து அவளிடம் கொடுத்தார். "நீயே போட்டுக் காட்டும்மா" என்றார். அவள் அதற்குமுன் பிளக்கைப் பிடித்ததே இல்லை. இரும்பு முள்ளையே விரல்களால் பிடித்துக்கொண்டு, "பாருங்கய்யா, இது பூராது" என்று சொல்லி அழுத்தினாள். பாதி உள்ளே போயிற்று.

"பூருதேம்மா" என்றார் நயினார். அவர் குரலில் வருத்தம்தான் இருந்தது.

வெளியே இழுத்தாள். முள்ளைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. எதையோ என்னிடம் கேட்க வருகிறவளைப் போலத்தான் பார்த்தாள். பிறகு, "அய்யா, இந்த ஓட்ட வேறயா இருக்குதுங்களே" என்று சொல்லிக்கொண்டே, விரல் முள்மேல் இருக்க, மறுபடி சொருகிப் பார்த்தாள்.

அடுத்து நடந்ததை எல்லோரும் தங்களிடம் சொல்லியிருப்பார்கள். அவள் கை சுவரோடு ஒட்டிக்கொண்டது. ராஜமதியம்மா அலறினார்கள். நயினார் அவளைப் பிடித்து இழுக்கப் போனார். "தொடாதீங்க" என்று கத்திவிட்டு நான் வாசல் நடைக்கு ஓடி மெயினை இறக்கினேன். உயிர் வழியிலேயே போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். நான் ஓடியதால்தான் நயினார் பிழைத்தார் என்று தெருவே பேசியது. சுவிட்ச் ஏற்கெனவே போட்டபடி இருந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை என்று போலீஸ் எழுதிக்கொண்டது. தொழில்காரன் என்று என்னைத்தான் கேட்டார்கள், நான்தான் அப்படிச் சொன்னேன்.

அன்றிலிருந்து நயினார் ஒருவேளைக் கஞ்சியோடு இருக்கிறார். வீட்டில் எவ்வளவோ கெஞ்சியும் கேட்கவில்லை. போன வாரம் தள்ளாடிக்கொண்டே கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். "சுவிட்சு போட்டிருக்குதான்னு நான்தான பாத்திருக்கணும் அரங்கநாதா? நான்தான அவள போடச் சொன்னேன்?" என்றார். "உங்க மேல தப்பில்லீங்க நயினார்" என்றேன். இந்த விஷயத்தில் நான் அவரிடம் சொன்ன ஒரே உண்மை அது. அவர் நம்பவில்லை. இப்படியே போனால் அவரும் போய்விடுவார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவளுக்கு ஒரு சின்ன ஷாக் அடித்தால் போதும், பயந்து விட்டுவிடுவாள், பேச்சு அதோடு நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். இந்தத் தொழிலில் நான் நூறு தடவை ஷாக் வாங்கியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. தரை ஈரம், கை ஈரம், வெறுங்கால் என்பதையும் நான்தான் பார்த்தேன்.

அவள் முதல் தடவை சொருகியபோது சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. 'இந்த ஓட்ட' என்று அவள் ஆரம்பித்ததும் நான் அதைக் கீழே தள்ளினேன். எல்லோரும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜமதியம்மா அலறியபோது அதை மேலே தட்டி அணைத்திருந்தால் போதும். மெயின் போர்டு இரண்டு வாசல்படி தாண்டி, பதினேழு அடி தள்ளி இருக்கிறது. நான் அங்கே ஓடத் தொடங்கும்போதுகூட என் விரல் அந்தச் சுவிட்சின் மேல்தான் இருந்தது.