முள்ளுக்குள் கிணறு

மறைமலை நகரில் வேலை போய், துணிப்பையோடு நடந்துகொண்டிருந்தேன். கால் வலிக்கவே செம்பாக்கம் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். எதிரே ஒரு டிராக்டர் டிரைவரும் மேஸ்திரியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்த வேலிக்காத்தான் புதர்ல நான் வண்டிய வுட மாட்டேண்ணா. உள்ள கெணறு கீது," என்றார் டிரைவர்.

"இன்னாடா பேஜார் பண்றே? மூடியாச்சுன்னு ஓனர் சொன்னாரே."

"இன்னாத்த போட்டு மூடினாராம்?"

"அத்த கேக்கலியே."

"ஆடு மேய்க்கிற அக்கா மூடவே இல்லன்னுது. சுத்தி சொவரு கூட இல்லாத கெணறாம். எந்த எடம்னு கேட்டா, முள்ளு மூடிக்கிச்சு, தெரியலன்னுது. வண்டியோட உள்ள போனா, என் பொண்டாட்டிகிட்ட நீயா போய் சொல்லுவே?"

மேஸ்திரி சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"அப்போ புதர எப்படித்தான் எடுக்கிறது?"

"முன்னாடி ஒருத்தன் கம்பால குத்திப் பாத்துகினே நடக்கணும். அவன் கால் வச்ச எடத்துலதான் நான் சக்கரத்த வைப்பேன்."

"எவன்டா வருவான் அதுக்கு?"



அவர்கள் இறங்கிய இடத்திலேயே நானும் இறங்கினேன். மறுநாள் காலை கம்பு என் கையில் இருந்தது. "மெதுவா நட தம்பி," என்றார் டிரைவர். பின்னால் டிராக்டர் கிளம்பியது.