கருப்புப் படலத்தில் கரன்ட்

— பதினோராவது தடவை, அம்மிணி! பதினொண்ணும் பூஜ்யம். உன்ற நோட்டுல மட்டும் எப்படிக் கரன்ட் ஓடுது?

— எனக்கு ஓடுது சபரிண்ணே, அல்லா மேல சத்தியமா. நீங்க முறைக்கிற முறைப்புக்கு மீட்டரே பயந்து கிடக்கு.

— சிரிப்பு வேற. நாலு மணிக்கு புரொபசர் கேப்பாரு. உன்ற கட்டுரையத் திருப்பி அனுப்பினவங்க கேட்டது ஒரே கேள்வி: 'ஷஃபானா எடுத்த அளவு இன்னொருத்தர் கையில வருமா?' வரல. நம்பரை நானா எழுதிக்கிட்டேன்னு ஒத்துக்கோ. டாக்டர் பட்டம் போனாலும் மானம் மிஞ்சும்.

— ஒத்துக்கணுமா? மூணு வருஷமா டோபமினைக் கரைச்சுக் கரைச்சு விரல் பத்தும் கருத்துப்போச்சு. தேஹு ரோட்டுல வாப்பா கடைக்கு வர்றவங்கல்லாம், 'உங்க பொண்ணு தலைக்கு டை அடிக்கிற பார்லர்லயா வேலை பாக்கு'ன்னு கேக்காவ. இதுவும் நானா எழுதிக்கிட்டதா?

— கருப்பாக்கறது ஆருக்கும் வரும். டோபமின் கருத்தா, முடியில இருக்கிற மெலனின் மாதிரி ஒரு பாலிமர், அவ்வளவுதான். கண்ணாடியில அதைப் பூசின படலம் எலும்பாக் காஞ்சாலும் எலக்ட்ரான் ஓடும்னு நாலு வருஷத்துக்கு முந்தியே அளந்து காட்டினவன் நானு. ஊரெல்லாம் என்ற கட்டுரையத்தான் எடுத்துக் காட்டுது. எனக்கே வராதது உனக்கு வருதாக்கும்?

— அரே, அன்னைக்கு உங்களுக்கு வந்தது இன்னைக்கு ஏன் வரல?

— நீ செஞ்ச படலம் மட்டம். வேறென்ன? சரி, என்ற கண்ணு முன்னால அளந்து காட்டு. முதல்ல அந்த ஜன்னலைச் சாத்து, ஏப்ரல் அனலு மூஞ்சியில அடிக்குது.

— அது என்னைக்கு மூடிச்சு? நான் வந்து சேந்த நாள்லேருந்து துருப்பிடிச்சுத் திறந்தேதான் நிக்கு. இந்தாங்க, ஓவன்ல நல்லாக் காஞ்ச படலம். கிளிப் மாட்டியாச்சு. ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்புங்களேன்.

— எதுக்கு?

— கூச்சமா இருக்குண்ணே.

— திரும்பவே மாட்டேன். ம், நடக்கட்டும்... ஏய், ஏறுது! நூறு மடங்கு ஏறுது! குனிஞ்சு என்ன பண்ணினே?

— ஓதி ஊதினேன்.

— என்னது?

— பரீட்சைக்குப் போகும்போது உம்மா பேனாவுல ஓதி ஊதிக் குடுப்பாவ. அந்தப் பழக்கம். ஒவ்வொரு தடவையும் ஊதிட்டுத்தான் அளவு எடுப்பேன். நீங்க கிண்டல் பண்ணுவீங்கன்னு சொல்லல.

— தள்ளு. எனக்கு ஓதத் தெரியாது, வெறுமனே ஊதறேன். ஹூ...

— உங்களுக்கும் ஏறுது!

— மூச்சுல இருக்கிற ஈரம், அம்மிணி! தண்ணியக் குடிச்சாத்தான் இந்தச் சனியன் கரன்டைக் கடத்துது. காஞ்சா பொணம். எலக்ட்ரானும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நீ பொய் சொல்லல, ஒத்துக்கறேன். ஆனா 'காய்ந்த படலம்'னு எழுதின உன்ற கட்டுரை போச்சு. வாபஸ் வாங்கச் சொல்லி நானே புரொபசருக்கு எழுதிப்போடறேன்.

— எழுதுங்க. அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு நீங்க ஓதவும் இல்ல, ஊதவும் இல்ல. இதே ரூம், இதே மீட்டர். உங்க கட்டுரைக்கு எந்த மாசம் அளந்தீங்க?

— மாசமெல்லாம் எதுக்கு இப்ப?

— சொல்லுங்கண்ணே.

— ஜூலை. மழை கொட்டிக் கடக்வாஸ்லா அணையைத் திறந்துவிட்ட வாரம். அந்தப் பாழாப்போன ஜன்னல் அப்பவும் மூடாது.